சர்க்கரை 'பார்டரில்' இருந்தால் மாத்திரை தேவையா? இந்திய ஆய்வுகள் கூறுவது என்ன

புதுதில்லி: இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்று இருக்கிறது. "பார்டர்தான், பயமில்லை" என்பார் ஒருவர். "உடனே மாத்திரை தொடங்கிவிடுங்கள்" என்பார் மற்றொருவர். இரண்டுமே அவசர முடிவுகள்தாம்.

புதுதில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்ட நாடு தழுவிய ஆய்வு, 2023 ஜூனில் 'லான்செட்' குழும இதழில் வெளியானது. அதன்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. அதற்கு முந்தைய நிலையில் இருப்போர் 13.6 கோடி. நோயாளிகளைவிட நோயின் வாசலில் நிற்பவர்களே அதிகம்.

வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் அருந்தி 2 மணி நேரத்துக்குப் பின் 140 முதல் 199 வரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை: இவற்றுள் ஒன்று இருந்தாலே நீரிழிவின் முன்நிலை எனக் கருதப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் வெறும் வயிற்று அளவை 110-லிருந்து கணக்கிடுவதால் சில அறிக்கைகளில் வரம்பு மாறுபடலாம்.

இத்துடன் பெருத்த இடுப்பு, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த ட்ரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொழுப்பு ஆகியவையும் சேர்ந்துகொள்வதுண்டு. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அது 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்'. மாரடைப்பு அபாயமும் உயர்கிறது. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு வரம்பு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தொப்பைக்குக் கீழே அணியும் பேன்ட்டின் அளவை நம்பிவிடக் கூடாது. டேப் வைத்தே அளக்க வேண்டும்.

மாத்திரை குறித்த கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை தேடப்பட்டுள்ளது. முன்நிலையில் இருந்த 531 பேரிடம் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. சுமார் இரண்டரை ஆண்டுகளில், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் இது 39.3 சதவீதம், குறைந்த அளவில் மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டவர்களில் 40.5 சதவீதம், இரண்டையும் மேற்கொண்டவர்களில் 39.5 சதவீதம். அதாவது, இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் பலன் கிட்டவில்லை. உடல் எடை பெரிதாகக் குறையாமலேயே இப்பலன் கிடைத்தது என்பது எடை இறங்கவில்லையே எனச் சோர்ந்து நடையை நிறுத்துவோர் அறிய வேண்டிய செய்தி.

எனினும், முயன்றவர்களிலும் பத்தில் நால்வருக்கு நோய் வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

2016-இல் வெளியான மற்றொரு சென்னை ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்துக்குப் பிறகும் அபாயம் நீடித்தவர்களுக்கு மட்டும் மெட்ஃபார்மின் சேர்க்கப்பட்டது. நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால், வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டுமே உயர்ந்திருந்தவர்களுக்குப் பலன் குறைவாகவே இருந்தது. எனவே, குளுக்கோஸ் அருந்திச் செய்யும் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்வது பயன்தரும்.

ஹெச்பிஏ1சி 6-ஐத் தாண்டியவர்கள், மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள், கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்கள் ஆகியோருக்கே மருத்துவர்கள் பெரும்பாலும் மெட்ஃபார்மினைப் பரிசீலிக்கின்றனர். சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்தே இதைத் தொடங்க வேண்டும். நீண்டகாலம் உட்கொண்டால் வைட்டமின் பி12 குறையக்கூடும். இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் தேவைப்பட்டால் தனித்தனி மருந்துகள்தாம்; சர்க்கரை மாத்திரை அவற்றைச் சரிசெய்துவிடாது.

நடைப்பயிற்சியிலும் தலைநகர்வாசிகளுக்கு ஒரு சிக்கல் உண்டு. தில்லியிலும் சென்னையிலும் சுமார் 12,000 பேரிடம் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, காற்றிலுள்ள நுண்துகள்களுக்கும் சர்க்கரை உயர்வுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் புகைமூட்டம் அடர்ந்திருக்கும் விடியற்காலை நடையைத் தவிர்த்து, உணவுக்குப் பின் வீட்டுக்குள்ளேயே 15 நிமிடம் நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் தசைகளுக்கு வேலை தரும். சர்க்கரை இயல்பு நிலைக்குத் திரும்பினாலும் ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனையைத் தொடர வேண்டும்.