கைபேசி ஆசானும் கோல்ப் வீச்சும்

மேற்கே சதுரகிரி மலையும், அதன் அடிவாரத்தில் பிளவக்கல் அணையின் நீர் பாயும் நெல்வயல்களும், வயல்களை ஒட்டித் தென்னந்தோப்புகளுமாக விளங்கும் வத்திராயிருப்புப் பக்கத்தில் கோல்ப் என்னும் விளையாட்டைப் பற்றிப் பேசுவது அநாவசியமான ஆடம்பரமாகவே பலருக்குத் தோன்றக்கூடும். ஒரு சிறு பந்து உருண்டு விளையாடுவதற்காக ஏக்கர் ஏக்கராகப் புல் வளர்த்து நீர் பாய்ச்சுவதென்பது, இந்தப் போகத்துக்குத் தண்ணீர் காணுமா என்று கண்மாய்க் கரையில் நின்று கணக்கிடுகிற சம்சாரிக்கு விந்தையான காரியந்தான். ஆயினும், கொடைக்கானலில் 1895 முதல் ஒரு கோல்ப் கிளப் நடந்து வருகிறது. சென்னை நந்தனத்திலும் கோயம்புத்தூரிலும் மைதானங்கள் உண்டு. நம் ஊர்களில் பிறந்து, படித்து, உத்தியோக நிமித்தமாகப் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற இளைஞர்கள் அங்கே இந்த ஆட்டத்தில் ருசி கண்டு, விடுமுறைக்கு வரும்போது மட்டையொன்றையும் கூடவே எடுத்து வந்து, தோப்பு நிழலில் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, அதில் தோன்றும் ஆசானைப் பார்த்துப் பார்த்து வீசுவதும் உண்டு. அவர்களைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் பெரியவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: கண்காணாத தேசத்தில் இருக்கும் ஒருவர் சொல்லிக்கொடுத்து, இங்கே இருப்பவன் கைக்கு வித்தை வந்துவிடுமா?

இதற்கு விடை காண்பதற்கு முன், வீச்சு என்பது இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். கோல்ப் பந்தின் எடை 46 கிராமுக்கு மேற்படாது. அதை எவரும் நம்மை நோக்கி எறிவதில்லை. அது எகிறுவதுமில்லை, சுழல்வதுமில்லை. புல்லின்மேல் கிடந்தபடி கிடக்கிறது. கிரிக்கெட்டில் வேகப்பந்தை விளாசிப் பழகியவர் இதைக் கண்டு நகைப்பதும், நகைத்த வாய் மூடுவதற்குள் அவர் மட்டை பந்தை விட்டு மண்ணைக் கிளறுவதும் சகஜம். மட்டையைப் பின்னே உயர்த்தியபின் அது கீழிறங்கிப் பந்தைச் சேர்வதற்குச் சற்றேறக்குறையக் கால் நொடிதான் ஆகிறது. மட்டையும் பந்தும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரமோ ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கண் கண்டதை மூளை உணர்ந்து கையை ஏவுவதற்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி செல்லுமாதலால், மட்டை இறங்கத் தொடங்கியபின் நேரும் பிழையை நடுவழியில் கண்டு திருத்திக்கொள்வது மனித சாத்தியமன்று. நிற்கும் நிலையும், கைப்பிடியும், உடல் திரும்பும் வரிசையும் முன்னதாகவே அப்பியாசத்தால் ஊறியிருந்தாலொழிய அந்தக் கால் நொடியில் புத்தியால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே, இந்த வித்தையில் பாடம் என்பது விஷயத்தை அறிந்துகொள்வதன்று, பழக்கத்தை மாற்றிக்கொள்வதாகும்.

பழக்கம் பார்வையால் மாறுமா? இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும் பாட வீடியோக்களுக்குக் கணக்கில்லை. உலகப் பிரசித்தி பெற்ற ஆட்டக்காரர்கள் மெதுவாக வீசிக் காட்டுகிறார்கள். அம்புக்குறிகளும் வட்டங்களும் இட்டு விளக்குகிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நமக்கும் கைவந்துவிட்டதென்ற ஒரு நிறைவு மனத்தில் எழுகிறது. இந்த நிறைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓபிரையன் என்னும் இருவர் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், மேசைமேல் பாத்திரங்கள் இருக்க விரிப்பை மட்டும் வெடுக்கென்று உருவும் வித்தையையும், பலகையில் சிற்றம்பு எறியும் விளையாட்டையும் வீடியோவாகக் காட்டினார்கள். ஒரே தடவை பார்த்தவர்களைவிட, இருபது தடவை பார்த்தவர்கள் தம்மால் அதைச் செய்ய முடியும் என்று அதிகமாக நம்பினார்கள். சிற்றம்பைக் கையில் கொடுத்து எறியச் சொன்னபோதோ, அதிகம் பார்த்தவர்கள் அதிகமாக ஒன்றும் சாதித்துவிடவில்லை. பார்க்கப் பார்க்க வளர்ந்தது திறமையன்று, தன்னம்பிக்கை மாத்திரமே. ராத்திரி வெகுநேரம் கண்விழித்துக் கோல்ப் வீடியோக்களைப் பார்த்துவிட்டுக் காலையில் மட்டையை எடுப்பவருடைய ஏமாற்றத்துக்கும் இதுவே காரணமாதல் கூடும்.

நம் பக்கத்துச் சிலம்பக் கூடங்களில், ஆசான் முதலில் ஒரு தடவை கம்பைச் சுற்றிக் காட்டுவார்; அதோடு அவர் காட்டும் வேலை தீர்ந்துவிடும். பிறகு அவர் செய்வதெல்லாம் பார்ப்பதுதான். பையனை முன்னாலும் பின்னாலும் சுற்றி வந்து, முன்கால் அரையடி அதிகமாகப் போனால் தம் கம்பின் நுனியால் அந்தக் காலைத் தட்டுவார். தோள் உயர்ந்தால் அதட்டுவார். சரியாக வந்தால் பேசாதிருப்பார். மாணாக்கன் ஆசானைப் பார்ப்பது பாடத்தின் சிறு பங்கு. ஆசான் மாணாக்கனைப் பார்ப்பதே பெரும்பங்கு. இணைய வழிக் கோல்ப் பாடத்தின் பயனும் பயனின்மையும், என் அபிப்பிராயத்தில், இந்த ஒன்றைப் பொறுத்தே அமைகின்றன. எந்த ஏற்பாட்டில் பார்வை ஒருபுறமாகவே ஓடுகிறதோ, அது பொழுதுபோக்கு. எதில் ஆசானுடைய கண் நம்மேல் விழுகிறதோ, அது எத்தனை மைல் தூரத்திலிருந்து விழுந்தாலும் பாடந்தான்.

அத்தகைய ஏற்பாடுகள் இப்போது இருக்கின்றன. மாணாக்கன் தன் வீச்சைக் கைபேசியில் படமெடுத்து அனுப்புகிறான். ஆசான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, படத்தின்மேலேயே கோடிட்டு, தம் குரலில் விளக்கம் பதிந்து, இரண்டொரு நாளில் திருப்பி அனுப்புகிறார். அதன்படி பழகிவிட்டு மாணாக்கன் மறுபடியும் அனுப்புகிறான். நேருக்கு நேராக வீடியோ அழைப்பில் நடத்துபவர்களும் உண்டு. 2020-இல் ஊரடங்கினால் மைதானங்கள் மூடப்பட்டிருந்த காலத்தில், அதுவரை இதை ஏளனம் செய்துவந்த ஆசான்கள் பலரும் இதில் இறங்கினார்கள். நேரில் கற்பிக்கும்போது கால் நொடியில் மறைந்துவிடும் காரியத்தை, இங்கே கட்டம் கட்டமாக நிறுத்திப் பார்க்கலாம் என்பதும், போன மாத வீச்சையும் இந்த மாத வீச்சையும் அருகருகே வைத்து ஒப்பிடலாம் என்பதும் நேர்ப் பாடத்துக்கும் இல்லாத வசதிகள்.

ஆனால் கைபேசியின் கண்ணும் சத்தியசந்தமானதன்று. நல்ல ஆட்டக்காரரின் மட்டைத் தலை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். சாதாரணப் படப்பிடிப்பில் நொடிக்கு முப்பது கட்டங்களே பதிவாகின்றன. ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே மட்டை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பாய்ந்துவிடுகிறது. ஆசான் காண விரும்பும் கணம் அந்த இடைவெளியிலே விழுந்து தொலைந்து போகிறது. நொடிக்கு 240 கட்டங்கள் எடுக்கும் மெது ஓட்ட வசதியைப் பயன்படுத்தினால் அந்த இடைவெளி இருபது சென்டிமீட்டருக்குள் சுருங்கும். கைபேசிப் படத்தில் மட்டையின் தண்டு வில்லாக வளைந்திருப்பதைக் கண்டு மிரள்பவர்களும் உண்டு; கைபேசி படத்தை ஒரே கணத்தில் பிடிக்காமல் வரிவரியாகப் பிடிப்பதால் விளையும் பிரமையே பெரும்பாலும் அது. கைபேசியை எங்கே வைப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. ஒன்று, ஆட்டக்காரருக்கு எதிரே மார்புக்கு நேராக. மற்றொன்று, இலக்கை நோக்கியபடி அவருக்குப் பின்புறத்தில், கைகளின் உயரத்தில். இந்த இரண்டாவது கோணத்தில் இரண்டடி இப்பாலோ அப்பாலோ நகர்த்தி வைத்துவிட்டால், சரியான வீச்சு கோணலாகவும் கோணல் வீச்சு சரியாகவும் தோன்றும். ஆசான், இல்லாத நோய்க்கு மருந்து எழுதிவிடுவார். இதைவிடப் பெரிய இடையூறு மாணாக்கனுடைய அகங்காரம். முப்பது பந்து அடித்து, அவற்றில் வாய்த்த ஒரே நல்ல அடியைப் பொறுக்கி அனுப்புகிறவர்கள் அநேகர். வைத்தியரிடம் போகும்போது காய்ச்சலை வீட்டில் வைத்துவிட்டுப் போவதால் யாருக்கு என்ன லாபம்?

படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதில் காண முடியாத ஒன்று உண்டு; அதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. பந்தைத் தொடும் கணத்தில் மட்டையின் முகம் எத்திசை நோக்கியிருந்தது என்பதே அது. மட்டை சென்ற பாதையிலேதான் பந்து புறப்படும், பிறகு மட்டை முகம் நோக்கிய திசைக்கு வளையும் என்று வெகுகாலம் பாடப் புத்தகங்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள். 2003-இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட டிராக்மேன் கம்பெனியின் ராடார் கருவி போன்றவை வந்து பந்தையும் மட்டையையும் அளந்தபோது, விஷயம் தலைகீழ் என்பது பிரத்தியட்சமாயிற்று: புறப்படும் திசையை நிர்ணயிப்பதில் முக்கால் பங்குக்கு மேல் மட்டை முகத்தின் வேலை, முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடே வளைவை உண்டாக்குகிறது. வாழ்நாள் முழுதும் பக்கத்தில் நின்று பார்த்த ஆசான்களின் கண்ணே ஏமாந்திருக்கிறதென்றால், கைபேசியைக் குறை சொல்வானேன்?

ஆனால் இந்த உண்மை தெரிந்தபின் ஒரு நன்மை விளைந்தது. கருவியில்லாத ஏழைக்கும் பந்தே சாட்சி சொல்லும். வலக்கை ஆட்டக்காரர் மட்டையின் நடுவில் பட அடித்த பந்து இலக்குக்கு இடப்புறமாகப் புறப்பட்டு வலப்புறமாக வளைந்தால், முகம் இடப்புறம் நோக்கியிருந்தது, பாதை அதனினும் இடப்புறமாகச் சென்றது என்று அறியலாம். மண் பொம்மையை வைத்துக்கொண்டு வில் கற்ற ஏகலைவனை இங்கே உதாரணம் காட்டுவோர் உண்டு. அவனுக்கும் பொம்மை ஒன்றும் சொல்லித் தரவில்லை, அம்பு தைத்த இடந்தான் சொல்லித் தந்திருக்க வேண்டும். ஆகவே, வீச்சுப் படத்தோடு, பந்து எங்கே புறப்பட்டு எங்கே வளைந்தது என்ற குறிப்பையும் கேட்டு வாங்காத இணைய ஆசானை நம்புவதற்கில்லை. தோப்பில் வலை கட்டி அதற்குள் அடிப்பவர்க்கு இந்தச் சாட்சி கிடைக்காது. அதற்காக அறுவடை முடிந்த வயலில் இறங்கி அடிக்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். அங்கே ஆடு மேயும், ஆள் நடமாடும். அந்தப் பந்து மண்டையில் பட்டால் விளையாட்டாக முடியாது.

பந்தையே குருவாகக் கொண்டவர்களின் சரித்திரம் சுவையானது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சத்தில் பிறந்து, வெள்ளையரின் மட்டைப் பைகளைச் சுமந்து வளர்ந்த பாப்வா சேவ்கோலம், வலக்கை ஆட்டக்காரர் எவரும் பிடிக்காத விதமாக, கைகளை மேல்கீழாக மாற்றி மட்டையைப் பிடித்தார். 1959, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் டச்சு ஓபன் பட்டத்தை வென்றார். 1963-இல் நேட்டால் ஓபனை வென்றபோது, நிறவெறிச் சட்டத்தின் காரணமாகக் கிளப் கட்டடத்துக்குள் நுழைய அனுமதியின்றி, கொட்டும் மழையில் வெளியே நின்று பரிசைப் பெற்றுக்கொண்டார். அவருடைய வீச்சை இன்று படமெடுத்து அனுப்பினால், முதல் வேலையாக அந்தப் பிடியை மாற்றச் சொல்லாத ஆசான் அபூர்வம். நம் தேசத்திலும், 1991-இல் இந்திய ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர் மட்டைப் பை சுமந்தே ஆட்டம் கற்றவர்.

பிஜித் தீவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான விஜய் சிங்கின் கதையோ நம் கேள்விக்கு இன்னும் நெருங்கியது. அமெரிக்க ஆட்டக்காரர் டாம் வைஸ்காப்பின் வீச்சைப் பத்திரிகைப் படங்களில் கண்டு, அதையே தம் வீச்சுக்கு மாதிரியாகக் கொண்டவர் அவர். 2004-இல் டைகர் உட்ஸை விலக்கி உலகின் முதலிடத்தைப் பிடித்தார். அசையாத அச்சுப் படத்தைப் பார்த்தே ஒருவர் இவ்வளவு தூரம் வர முடிந்ததென்றால், அசையும் படத்தைப் பார்ப்பவனுக்கு என்ன குறை என்று கேட்கலாம். ஆனால் அவருடைய தந்தை விமானப் பழுதுபார்ப்பவராக இருந்ததோடு கோல்ப் கற்றுக்கொடுப்பவராகவும் இருந்தார் என்பதை மறக்கலாகாது. படம் பத்திரிகையில் இருந்தது. பார்க்கும் கண் வீட்டிலேயே இருந்தது. அதன்மேல், பயிற்சி மைதானத்தில் அவரளவுக்குப் பந்தடித்தவர்கள் மிகச் சிலரே என்ற கீர்த்தியும் அவருக்கு உண்டு.

தூரத்து ஆசானால் ஆகாதவை சில உண்டு. கைப்பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் அறிய முடியும். அடியோடு புதிதாகத் தொடங்குபவர் ஓரிரு பாடங்களையாவது நேரில் கற்று, பிடியையும் நிலையையும் சரிசெய்துகொண்ட பிறகு இணையத்தை நாடுவதே உசிதம். முதுகுவலி உள்ளவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

ஆசான் உபயோகிக்கும் வார்த்தையும் கவனிக்கத்தக்கது. காப்ரியேல் வுல்ஃப் என்னும் ஆராய்ச்சியாளர் தம் சகாக்களோடு 1999-இல் வெளியிட்ட பரிசோதனையில், கோல்ப் அறியாதவர்களில் ஒரு பகுதியினரைத் தங்கள் கைகளின் அசைவில் மனத்தை வைக்கும்படியும், மற்றவர்களை மட்டையின் அசைவில் மனத்தை வைக்கும்படியும் சொன்னார்கள். மட்டையை நினைத்தவர்களே நன்றாகக் கற்றார்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி வந்ததனால், மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு, குதிகால் என்று ஒரே மூச்சில் பத்துக் குற்றங்களைக் கோடிட்டுக் காட்டும் ஆசை ஆசானுக்கு உண்டாகிவிடுகிறது. பத்தையும் தலையில் சுமந்துகொண்டு அந்தக் கால் நொடிக்குள் நுழைகிறவன் தடுமாறாமல் என்ன செய்வான்? ஒரு தடவைக்கு ஒரே குற்றத்தைச் சொல்லி, அதற்கு ஒரே பயிற்சியைத் தருகிறவரே நல்ல ஆசான்.

கடைசியாக, பாடம் பலித்ததா என்பதை எப்போது தீர்மானிப்பது? அமெரிக்காவில் மார்க் குவாடக்னோலியும் சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு வழி காட்டுகிறது. ஓரளவு தேர்ந்த ஆட்டக்காரர் முப்பது பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவைத் தாமே பழக விட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆசான் வாய்மொழியாகவும், மற்றொரு பிரிவுக்கு அவரவர் வீச்சையே வீடியோவில் காட்டியும் நான்கு அமர்வுகள் பாடம் நடத்தினார்கள். பயிற்சி முடிந்தவுடன் சோதித்தபோது, ஆசானிடம் கற்ற இரு பிரிவும் தாமே பழகியவர்களைவிடப் பின்தங்கியே இருந்தன. இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதுதான், ஆசானிடம் கற்ற இரு பிரிவும் தாமே பழகியவர்களை மிஞ்சின. வீடியோப் பிரிவு முதலாவதாக நின்றது. ஒரே வாரத்தில் அற்புதம் நிகழும் என்று கைபேசியில் வரும் விளம்பரங்களுக்கும், இரண்டாம் நாளே மனமுடைந்து மட்டையைப் பரணில் போடுகிறவர்களுக்கும் இது ஒருங்கே பதில். பாடம் தொடங்குமுன் மைதானத்தில் ஏழாம் நம்பர் மட்டையால் பதினைந்து பந்து அடித்து, அவை விழுந்த இடங்களை நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்து, பாடம் முடிந்து இரண்டு வாரம் சென்றபின் அதே மட்டையால் மறுபடியும் பதினைந்து அடித்துப் பார்த்தால், ஆசானுக்கு அனுப்பிய பணம் வீண்போயிற்றா இல்லையா என்பது அந்த இரண்டு பக்கங்களிலும் தெரிந்துவிடும்.