அத்திப்பட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை

அத்திப்பட்டில் உள்ள வட சென்னை அனல்மின் நிலையத்தின் பழைய அலகுகள் ஒவ்வொன்றும் 210 மெகாவாட். அங்கே ஜெனரேட்டரிலிருந்து 15,750 வோல்ட்டில் புறப்படும் மின்சாரம் 2,30,000 வோல்ட்டாக ஏறி, பிறகு துணைமின் நிலையங்களில் படிப்படியாக இறங்கி, வீட்டுச் சுவரில் 230 வோல்ட்டாக வந்து நிற்கிறது. மின்வாரியத்தின் வேலை அத்தோடு சரி. ஆனால் கைபேசி பேட்டரிக்கு வேண்டியது சுமார் 4 வோல்ட். உள்ளே இருக்கும் பிராசஸருக்கு ஒரு வோல்ட்டே அதிகம். இந்தக் கடைசி இறக்கத்தைக் கவனிப்பவை மின் மேலாண்மைச் சில்லுகள்.

4 வோல்ட்டை 1 வோல்ட்டாக்க எளிய வழி உண்டு. நடுவில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்து, மிச்சம் 3 வோல்ட்டை அதன் தலையில் கட்டிவிடலாம். ஆனால் பிராசஸருக்கு 1 வாட் போய்ச் சேர, 3 வாட் வெறும் சூடாகப் போகும். அதனால் சில்லு டிரான்சிஸ்டரை முழுசாக ஆன் செய்கிறது, முழுசாக ஆஃப் செய்கிறது. விநாடிக்குப் பத்து லட்சம் தடவைக்கும் மேல். கால்வாசி நேரம் ஆனில் இருந்தால் சராசரி 1 வோல்ட். அந்தத் துடிப்பை ஒரு குட்டிக் காயிலும் கெபாசிட்டரும் சமனாக்கிவிடுகின்றன. நல்ல வடிவமைப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு தேறும்.

மீதிப் பத்தைக் குறைப்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரியும். டிரான்சிஸ்டரை அகலமாக்கினால் மின்தடை குறையும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதன் கேட்டில் நிரப்பிக் கொட்டும் மின்னூட்டம் கூடும். உண்மையில் இந்தச் சுற்றில் மேலும் கீழுமாக இரண்டு டிரான்சிஸ்டர்கள் இருக்கும்; இரண்டும் ஒரே கணத்தில் ஆனாகிவிட்டால் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். அதற்காக இரண்டுக்கும் நடுவே சில நானோவிநாடி இடைவெளி விடுவார்கள். அது நீண்டாலும் இழப்புதான். திரை சட்டென்று ஒளிரும்போது எகிறும் மின்னோட்டத்துக்குச் சில்லு மைக்ரோவிநாடிகளில் ஈடுகொடுக்க வேண்டும். அத்திப்பட்டு டர்பைனில் 50 ஹெர்ட்ஸ் குலையாமல் காக்கும் கவர்னருக்கும் இதே வேலைதான். அதற்காவது சில விநாடி அவகாசம் உண்டு.

இந்த இழப்புக் கணக்கை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் அத்திப்பட்டுதான். ஒடிசாவிலிருந்து கப்பலில் வரும் நிலக்கரியை எரித்தால் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. சார்ஜரில் ஒரு யூனிட் வீணானால் உலையில் மூன்று யூனிட் வெப்பம் வீண். அதன் சாம்பல் செப்பாக்கத்தை ஒட்டிய குளத்தில் சேருகிறது. கொசஸ்தலை ஆற்றிலும் கலந்திருக்கிறது. இரும்பு உள்ளகம் வைத்த பழைய அடாப்டர், பிளக்கில் சும்மா செருகி இருந்தாலே மின்சாரம் குடிக்கும். இன்றைய நல்ல சார்ஜர் அந்த நேரத்தில் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட எடுப்பதில்லை. அந்த வித்தியாசம் பெருமளவு உள்ளே இருக்கும் சில்லின் உழைப்பு.

இந்தச் சில்லுகளைச் செய்ய மிக நவீனத் தொழிற்சாலையும் அவசியமில்லை. அதிக வோல்ட்டைத் தாங்க வேண்டிய இத்தகைய சில்லுகளுக்கு 180 நானோமீட்டர் நுட்பமே பெரும்பாலும் பொருந்தும். மொஹாலியில் உள்ள அரசின் செமிகண்டக்டர் ஆலையில் அது இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. இந்தச் சில்லு வடிவமைப்பை என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் இலவசப் பாடமாகவே நடத்தியிருக்கிறது. பொன்னேரி, மீஞ்சூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் மூன்றாம் ஆண்டிலேயே அதைத் தொடங்கலாம்.