ஆர்த்தோ என்னும் முன்னொட்டு

நேரானது, செம்மையானது என்று பொருள்படும் ‘ஆர்த்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லைக் குழந்தையைக் குறிக்கும் மற்றொரு சொல்லோடு இணைத்து, பாலகர்களின் அங்கக் கோணல்களை நிவர்த்திக்கும் கலைக்கு 1741-இல் நாமகரணம் செய்தவர் பிரெஞ்சு வைத்தியர் நிக்கோலா ஆந்திரி. ஆங்கிலத்தில் ‘ஆர்த்தோபீடிக்ஸ்’ என வழங்குவது அதுவே. பல்வரிசையைச் சீராக்கும் ஆர்த்தோடான்டிக்ஸும் அதன் இனந்தான்.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்துசேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகால்கள் சிதைவது சதை தானே அழுகுவதால் அன்று, உணர்ச்சி அற்றுப்போனபின் அவர்கள் அறியாமலே நேரும் காயங்களால்தான் என்று தெளிந்து, மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தினாரே, அதனினும் உன்னதமாக அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு வேறெங்கும் அர்த்தம் விளங்கியதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோல் பதனிட்டுத் தேசாந்தரங்களுக்குக் காலணி அனுப்பும் இப்பிரதேசத்திலேயே, வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தொடங்கிய தொழுநோய் நிலையத்தில், மிருதுவான நுண்துளை ரப்பர் அட்டைமீது தோல்வார் பொருத்திய செருப்புகளை நோயாளிகளுக்கென்றே செய்தார்கள். அவற்றில் ஆணி அடிப்பதில்லை. உள்ளே குத்தினாலும் அந்தப் பாதம் அதை உணராது.