பூட்டு மட்டும் போதுமா?

காரைதீவு என்றவுடன் நேயர்களிற் பலருக்குக் கிழக்கிலங்கையே நினைவுக்கு வரும். 1892 ஆம் ஆண்டு சுவாமி விபுலானந்தர் பிறந்த ஊர் அது. யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்னாளில் அப்பெயரே வழங்கிற்று. நாம் கூறப்புகும் கரைத்தீவோ புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் உள்ளது. தமிழில் எழுத்துச் சற்று வேறுபடினும், ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றும் ஒன்றாகவே தோன்றும். மாவட்டத்தைக் குறிக்க மறந்தால் புத்தளத்துக்குப் போகவேண்டிய கடிதம் கிழக்கே போய்விடவும் கூடும். அப்போது உறையை எத்துணை இறுக ஒட்டியிருந்தும் பயன் என்ன?

இவ்வெண்ணம் எமக்கு எழக் காரணமாயிருந்தவன், எம்மிடம் கணினி பயிலும் கரைத்தீவு மாணவன் ஒருவன். தன் ஊரார் நாள்தோறும் பிடிக்கும் மீன், நண்டு, இறால் ஆகியவற்றின் நிறையையும், பணம் சேரவேண்டிய வங்கிக் கணக்கிலக்கத்தையும் புத்தளத்து வியாபாரி ஒருவரின் சேவையகத்துக்கு அனுப்பும் செய்நிரலை அவன் எழுதிவந்தான். "செய்தி முழுவதும் மறைகுறியாகவே செல்கிறது, ஐயா, வழியில் எவரும் படிக்க முடியாது" என்று பெருமையுடன் கூறினான். நாம் படித்துப் பார்த்தோம். நடுவே ஒரு வரி, 'மறுமுனையின் சான்றிதழைச் சோதிக்க வேண்டாம்' என்று கணினிக்குக் கட்டளையிட்டிருந்தது. காரணம் கேட்டோம். "முதலில் பிழை காட்டியது, ஐயா. அந்த வரியைச் சேர்த்ததும் ஓடிவிட்டது" என்றான்.

இங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இன்று செய்நிரல்கள் மறைவாகப் பேசுவதற்குக் கையாளும் முறை டி.எல்.எஸ். எனப்படும். நெட்ஸ்கேப் நிறுவனம் 1995 இல் வெளியிட்ட எஸ்.எஸ்.எல். என்னும் முறையின் வழியே 1999 இல் தோன்றியது இது, இதன் 1.3 ஆம் பதிப்பு 2018 இல் வெளிவந்தது. இம்முறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. முதலாவது, இருமுனைகளும் இரகசியச் சாவி ஒன்றை உண்டாக்கிக் கொள்ளுதல். அச்சாவியை வழியில் அனுப்பாமலே உண்டாக்கும் வித்தையை டிஃபி, ஹெல்மன் என்னும் இருவர் 1976 இல் வெளியிட்டனர். இரண்டாவது, மறுமுனையில் இருப்பவர் யார் என்று அறிதல். சேவையகம் தன் சான்றிதழை நீட்டும். அதில் நாம் நாடிய பெயர் உண்டா, நம்பத்தகுந்த சான்றளிப்பாளர் ஒப்பமிட்டாரா, தவணை கடந்ததா என்பவற்றைச் செய்நிரல் சோதிக்க வேண்டும்.

இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவது வீணாகும். இடையே புகுந்த கள்வன் நம்மோடு ஒரு சாவியும் வியாபாரியோடு வேறொரு சாவியும் செய்துகொள்வான். இருபுறமும் பூட்டு இருக்கும். நடுவில் நின்று அவன் எல்லாவற்றையும் படிப்பான். கணக்கிலக்கத்தை மாற்றி எழுதினால், ஒரு குடும்பத்தின் உழைப்பு முழுவதும் வேறெங்கோ போய்ச் சேரும்.

இது வெறுங் கற்பனை அன்று. 2021 பெப்ரவரி 6 ஆம் நாள், எல்.கே. என முடியும் நம் நாட்டு இணையப் பெயர்கள் சில தாக்குதலுக்கு இலக்காயின. கூகிள், ஒராக்கிள் நிறுவனங்களின் இலங்கைப் பெயர்களை நாடியவர்களும் முன்பின் அறியாத வேறொரு பக்கத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். விலாசத்தை மட்டும் நம்புகிறவன் அந்நியன் வாசலில் போய் நிற்பான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எம் மாணவனை மட்டும் குறைகூறுதல் நியாயமாகாது. டெக்சஸ், ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012 இல் ஆராய்ந்தபோது, பணம் செலுத்த உதவும் செய்நிரல்களிற்கூட இச்சோதனை பழுதுற்றிருக்கக் கண்டனர். பைதன் மொழியின் நூலகமே, 2014 டிசெம்பரில் 2.7.9 ஆம் பதிப்பு வரும்வரை, இணையத்தளங்களின் சான்றிதழைத் தானாகச் சோதித்ததில்லை.

சான்றளிப்பவரே தவறினால் என் செய்வது என்று நேயர்கள் வினவலாம். அதுவும் நிகழ்ந்ததுண்டு. 2014 ஜூலையில், இந்தியத் தேசியத் தகவல் மையத்தின் பெயரால், கூகிளுக்குரிய சில பெயர்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. உடனே அம்மையத்தின் சான்றளிக்கும் உரிமை நீக்கப்பட்டது. காவலன் ஒருகால் தவறுவான் என்பதற்காகக் கதவையே கழற்றி எறிவாருண்டோ?

பிழையின் மூலத்தை மாணவனும் நாமும் தேடினோம். வியாபாரியின் சேவையகம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழை வைத்திருந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு 2015 முதல் சான்றிதழ்களை இலவசமாகவே வழங்கி வருகிறது. முறையான சான்றிதழ் அங்கிருந்து பெறப்பட்டது. அந்த ஒரு வரி அழிக்கப்பட்டது. செய்நிரல் பிழையின்றி ஓடிற்று.

கணினி பிழை காட்டும்போது அதன் வாயை அடைத்தல் எளிது. அது சொல்ல வருவதைக் கேட்டலே அறிவு. தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது கணினிக்கும் பொருந்தும் அன்றோ?