மங்கிய காருக்கு மறுவாழ்வு



துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். குத்துவிளக்குக்கும் பித்தளைச் சொம்புக்கும் அது சரி. காருக்குச் சரியல்ல. இதை என் அப்பாவின் துண்டைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் பூதலூர். அப்பா அங்கே ஒரு அரிசி ஆலை முதலாளியிடம் டிரைவர். கருப்பு நிறக் கார். தினமும் காலை ஆறு மணிக்கே போய், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துப் பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்துவிட்டுத்தான் டீ குடிப்பார். ஏழு வருடப் பழக்கம். அப்படிப் பார்த்துக்கொண்ட வண்டி போன வருடம் மங்கிப் போனது. வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை பின்னியதுபோல் கீறல்கள். "வண்டியைச் சரியாக் கவனிக்கலையேப்பா, முழுசும் பெயிண்ட் அடிக்கணும் போலிருக்கு" என்று முதலாளி சொல்லிவிட்டார். அன்று இரவு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

"டிப்ளமோ படிக்கிறியே தம்பி, இது ஏன் இப்படி ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா என்னிடம் கேட்ட முதல் சந்தேகம் இது. என் பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. தேடிப் படித்தும், பெயிண்டர் அண்ணன் ஒருவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பெயிண்ட் எவ்வளவு கனம்?

தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். நான்கும் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். நம் ரெக்கார்டு நோட்டின் ஒரு தாள் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்! அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரான் அளவுதான். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் ஒளி ஒழுங்காகத் திரும்பி வரும். கீறல் விழுந்தால் சிதறிவிடும். மங்கல் என்று நாம் சொல்வது இந்தச் சிதறலைத்தான்.

எங்கள் ஊர்த் தூசி

ஆலை வாசலில் நிற்கும் வண்டிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று உமித்தூளும் உமிச் சாம்பலும். நெல் அவிக்க உமியைத்தானே எரிக்கிறார்கள்! உமிச் சாம்பலில் 80 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. மணலில் இருப்பதும் அதே சிலிக்காதான். அது படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத்தான்.

இன்னொன்று இரும்புத்தூள். ஆலைக்குப் பக்கத்திலேயே திருச்சி - தஞ்சாவூர் ரயில் பாதை. சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கும் துகள் பெயிண்டில் ஒட்டித் துருப்பிடித்துக் கொள்ளும். கழுவினாலும் போகாது. கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு நன்றாகத் தெரியும்.

களிமண் என்றால் வயல் களிமண் அல்ல

இந்தச் சொரசொரப்பை எடுக்க உதவுவதுதான் கிளே பார். பிசின் போன்ற செயற்கைப் பொருளில் மிக நுண்ணிய தேய்ப்புத் துகள் கலந்த கட்டி. டடாவோ கொடாட்டே என்ற ஜப்பானியர் இதற்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

முதலில் வண்டியை ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். நிழலில், தகடு சூடில்லாமல் இருக்க வேண்டும். கிளே கட்டியைச் சப்பாத்தி மாவு போல் பிசைந்து தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் வழுக்க விட வேண்டும். பெயிண்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் துகள் மட்டும் கட்டியில் ஒட்டி வந்துவிடும். அழுக்கு ஏறியதும் உள்ளே மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தால் தொடரலாம்.

கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். என் கையிலிருந்து பாதிக் கட்டி ஆலை வாசலில் விழுந்தது. காசு போகிறதே என்று துடைத்து எடுத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் முழுக்க மணல்! நல்லவேளை, வண்டியில் வைக்கவில்லை.

பாலிஷ் என்ன செய்கிறது?

பலர் நினைப்பது போல் பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைச் சில மைக்ரான் தேய்த்துச் சமமாக்குகிறது. தேய்ந்தது திரும்ப வராது. அதனால் மிக மென்மையான பாலிஷை, ஒரு அடி சதுரத்தில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. எடுத்த எடுப்பில் ரப்பிங் காம்பவுண்டு வேண்டாம். ஓரங்களிலும் மடிப்புகளிலும் பூச்சு மெல்லியது, அங்கே கை வைக்கும்போது கவனம். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறல் பாலிஷுக்குப் போகாது. முடிந்ததும் மெழுகு பூச வேண்டும், அதுதான் பாதுகாப்பு. கிளே வருடத்துக்கு ஓரிரு முறை போதும். பாலிஷ் தேவைப்பட்டால் மட்டும்.

அப்பாவின் கேள்வி

பானெட்டில் முதல் ஒரு அடி சதுரம் முடிந்தபோது அதில் வேப்பமரத்தின் கிளை தெளிவாகத் தெரிந்தது. அப்பா குனிந்து பார்த்தார். சுற்றியிருந்த மங்கலையும் பார்த்தார். பிறகு துண்டைக் கையில் எடுத்து, "அப்ப நான் தொடச்சதுதானா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கீறல் எப்படி விழுகிறது என்று படித்துவிட்டேன். அதை ஏழு வருடம் துடைத்தவரிடம் எப்படிச் சொல்வதென்று படிக்கவில்லையே! "ஆமாப்பா. ஆனா தப்பு துண்டுமேல இல்ல, தூசிமேல. தண்ணி விட்டுத் தூசியை எறக்கிட்டுத் தொடச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தவர், "சரி, அந்தக் கதவை நான் தேய்க்கிறேன், எப்படின்னு காட்டு" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பின் கதவில் இரண்டு ஆழமான கோடுகள் இன்னும் இருக்கின்றன. முதலாளி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பெயிண்ட் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர் அக்கறையோடு தவறாக ஒன்றைச் செய்துகொண்டிருக்கலாம். நாம் படித்ததை அவர்களுக்குப் பக்கத்தில் நின்று செய்து காட்டுவோம்.

அப்பா இப்போதும் காலை ஆறு மணிக்கே போகிறார். கையில் தண்ணீர்க் குழாயும் ஈரத் துணியும். துண்டு தோளிலேயே கிடக்கிறது.

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை