உறையில் இல்லாத பெயர் இன்பாக்ஸுக்கு எப்படி வந்தது, தெரியுமா?

இன்பாக்ஸைத் திறந்ததும் தடித்த எழுத்தில் பளிச்சென்று தெரிகிறதே அனுப்பியவர் பெயர், அது மின்னஞ்சலின் உறைமேல் எழுதப்படுவதே இல்லை, தெரியுமா? ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் மெயிலை ஒப்படைக்கும்போது அனுப்புநரின் முகவரியை மட்டும்தான் சொல்கிறது. பெயர் இருப்பது உறைக்குள்ளே, 'ஃப்ரம்' என்ற தலைப்பு வரியில். முதலில் பெயர், அடுத்து கோண அடைப்புக்குள் முகவரி. 1982-இல் டேவிட் குரோக்கர் எழுதிய மின்னஞ்சல் விதி ஆவணமான ஆர்எஃப்சி 822-இல் இருந்த அதே அமைப்பு இன்றும் உங்கள் போனில்!

அதைவிடத் திகைப்பு என்ன தெரியுமா? போலி மெயிலைப் பிடிக்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சோதனைகள் டொமைனைத்தான் பார்க்கின்றன. பெயர் உண்மையா என்று பார்ப்பதில்லை. வங்கியின் பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம்! பல மொபைல் செயலிகள் பெயரை மட்டுமே காட்டுகின்றன. தயவுசெய்து பெயரைத் தொட்டு, முகவரியையும் பாருங்கள்.

மெயில் அனுப்பும் நிரலை நீங்களே எழுதினால், அனுப்புநர் பெயர் வைக்க ஒரே வரி போதும். பைத்தானில் ஃபார்மட்அட்ர், ஜாவாவில் இன்டர்நெட்அட்ரஸ், டாட்நெட்டில் மெயில்அட்ரஸ். பெயரையும் முகவரியையும் தனித்தனியே கொடுத்தால் மீதியை அவை பார்த்துக்கொள்ளும். அந்த மீதியில்தான் அத்தனை ஆச்சரியமும்! ஆங்கில எழுத்தில் 'அக்கவுன்ட்ஸ், மதுரை' என்று நீங்களே கையால் ஒட்டினால், நடுவிலுள்ள காற்புள்ளி ஒரு பெயரை இரண்டு முகவரிகளாக உடைத்துவிடும். இனிஷியலுக்குப் பின் வரும் ஒற்றைப் புள்ளிக்கே விதிப்படி இரட்டை மேற்கோள் வேண்டும். இனிஷியல் இல்லாத தமிழர் எத்தனை பேர்!

தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்தால்? தலைப்பு வரிக்கு அன்று தெரிந்தது ஆஸ்கியின் 128 குறிகள் மட்டுமே. அதனால் தமிழையும் அந்தக் குறிகளாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும்; அதற்கான ஒரு வழி பேஸ்64. 'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. யூடிஎஃப்-8-இல் 15 பைட். பேஸ்64-இல் 20 குறி. 'இது யூடிஎஃப்-8' என்று சொல்லும் முன்னொட்டும் பின்னொட்டும் 12. ஆக மொத்தம் 32! 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 ஒரு துண்டுக்கு 75 குறிதான் அனுமதிக்கிறது. அதனால் 15 குறியீட்டைத் தாண்டும் தமிழ்ப் பெயர் துண்டுதுண்டாகப் பயணம் செய்து, போய்ச் சேர்ந்ததும் தையல் தெரியாமல் ஒட்டிக்கொள்கிறது!

இந்தத் துண்டுகளை மட்டும் மேற்கோளுக்குள் அடைத்துவிடாதீர்கள். விதி அதைத் தடுக்கிறது. மீறினால், சில செயலிகளில் 'தமிழ்' இருக்க வேண்டிய இடத்தில் அந்த 32 குறிகளும் அப்படியே வந்து நிற்கும்!