‘ஃப்ரீ’: பதின்வயதினர் நால்வரின் ப்ளூஸ் ராக்

1968 ஏப்ரலில், லண்டனின் பேட்டர்சி பகுதியிலிருந்த ‘நாக்ஸ் ஹெட்’ மதுக்கூடத்தில் நான்கு பேர் முதன்முறையாக ஒரே மேடையில் வாசித்தார்கள். பாடகர் பால் ரோஜர்ஸுக்கும் டிரம்ஸ் வாசித்த சைமன் கர்க்குக்கும் 18 வயது. கிட்டார் கலைஞர் பால் கோசாஃபுக்கு 17. பேஸ் கிட்டார் வாசித்த ஆண்டி ஃப்ரேசருக்கு 15 வயதுதான். அதற்குள் ஜான் மேயாலின் புகழ்பெற்ற ‘ப்ளூஸ்பிரேக்கர்ஸ்’ குழுவில் வாசித்திருந்தார். பிரிட்டனில் ப்ளூஸ் இசை வேர்பிடிக்க உதவிய அலெக்சிஸ் கார்னர், இவர்களுக்கு ‘ஃப்ரீ’ என்று பெயரிட்டார்.

எது தனித்தன்மை?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸை மின்கிட்டாரில் உரக்கவும் வேகமாகவும் வாசித்துத் திறமை காட்டிய குழுக்கள் அன்று பல. இந்த நால்வரோ குறைவாக வாசித்தார்கள். ‘ஆல் ரைட் நவ்’ பாட்டின் சரணங்களில் பேஸ் கிட்டார் கிடையாது; பல்லவியில்தான் அது நுழைகிறது. அதுவரை காத்திருந்ததால்தான் பல்லவிக்கு அத்தனை பலம். கோசாஃபும் சுரங்களை அடுக்கிக்கொண்டே போகமாட்டார். ஒரே சுரத்தை நீட்டி, விரலசைவில் நடுங்கவைத்து அழவிடுவார். எங்கே நிறுத்த வேண்டும் என்று பலருக்கு வயதான பிறகே தெரியவரும். இவர்களுக்கு இருபதுக்குள் தெரிந்திருந்தது.

வெற்றியின் சுமை

முதல் இரண்டு ஆல்பங்கள் பெரிதாக விற்கவில்லை. 1970இல் வந்த ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ நிலைமையை மாற்றியது. அதிலிருந்த ‘ஆல் ரைட் நவ்’ பிரிட்டன் தரவரிசையில் 2ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 4ஆம் இடத்தையும் தொட்டது. ஆகஸ்டில் ஐல் ஆஃப் வைட் இசை விழாவின் பெருங்கூட்டத்தின் முன் வாசித்தார்கள். ஆனால், ஆண்டு இறுதியில் வெளியான ‘ஹைவே’ எடுபடவில்லை. பாடல்களை இணைந்து எழுதிய ரோஜர்ஸுக்கும் ஃப்ரேசருக்கும் இடையே விரிசல் விழ, 1971இல் குழு கலைந்தது.

போதைப்பழக்கத்தில் சிக்கிய கோசாஃபை மீட்கும் எண்ணத்துடன் 1972இல் நால்வரும் மீண்டும் கூடினார்கள். அது நீடிக்கவில்லை. ஃப்ரேசர் விலகினார், 1973இல் ‘ஹார்ட்பிரேக்கர்’ ஆல்பத்துடன் எல்லாம் முடிந்தது. ரோஜர்ஸும் கர்க்கும் ‘பேட் கம்பெனி’யைத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றார்கள். கோசாஃப் 1976 மார்ச்சில் விமானப் பயணத்தின்போது இறந்தார். வயது 25. நடிகரான அவருடைய தந்தை டேவிட் கோசாஃப், அதன்பின் மேடை மேடையாகப் போதைக்கு எதிராகப் பேசினார்.

ஐந்தே ஆண்டுகளில் ஆறு ஸ்டுடியோ ஆல்பங்கள். இசையில் இவர்களுக்கு இருந்த முதிர்ச்சியைக் கண்டு, வாழ்க்கையையும் அப்படியே சமாளித்துவிடுவார்கள் என்று உலகம் நம்பிவிட்டது. இளம் கலைஞர்களைக் கொண்டாடுபவர்களுக்கு அவர்களைக் காக்கும் பொறுப்பும் உண்டு.